மாதவிடாய் நின்றபின் உறவில் வலி: முதலில் தோல், பிறகு தசை, அப்புறம்தான் உறவு

மாதவிடாய் நின்று ஓரிரு வருடத்தில் உடலுறவு வலிக்கத் தொடங்கினால் நம்மில் பலர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போகிறோம். "வயசானா இப்படித்தான்" என்று அம்மாவும் அக்காவும் சொல்லியிருப்பார்கள். பொறுப்பதால் வலி குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது. மெலிந்துபோன தோல் ஒவ்வொரு முறையும் உரசிக் கீறுகிறது. அந்த வலியை உடம்பு மறப்பதில்லை. அடுத்த முறை கணவர் அருகில் வரும்போதே இடுப்புத்தளத் தசைகள் தானாக இறுகிவிடுகின்றன. இறுகிய யோனி வாசல் வழியே நுழையும்போது உரசல் இன்னும் கூடுகிறது, தோல் இன்னும் கிழிகிறது. இந்தச் சுற்றை அறுக்கச் செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையை மாற்றினால் நல்ல மருந்துகூடப் பலிக்காமல் போகும்.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. கடைசி விலக்குக்குப் பின் 12 மாதம் முழுதாக வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்தவர்களுக்கு இது 35, 40 வயதிலேயே ஒரே நாளில் நடந்துவிடுகிறது. நம் ஊரில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. அவர்களுக்கு வறட்சி இன்னும் வேகமாகவும் கடுமையாகவும் வரும். ஆனால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

உள்ளே நடப்பது இதுதான். ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை யோனியின் உட்தோல் தடிமனாக, மடிப்பு மடிப்பாக, இழுத்தால் விரியக்கூடியதாக இருக்கும். அந்தத் தோலில் சேரும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரையை லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா லாக்டிக் அமிலமாக மாற்றும். அதனால் அங்கே பிஎச் 3.8 முதல் 4.5 வரை, புளிப்பான நிலையில், கிருமி தங்காத இடமாக இருக்கும். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் தோல் மெலிகிறது, மடிப்புகள் தட்டையாகின்றன, ரத்த ஓட்டம் குறைகிறது, பிஎச் 5-க்கு மேல் ஏறுகிறது. நீர் சுரக்க நேரம் எடுக்கிறது, சுரப்பதும் போதுவதில்லை. சிறுநீர்த்துவாரமும் ஏறக்குறைய அதே திசுவால் ஆனது. அதனால்தான் அடிக்கடி சிறுநீர் முட்டுவதும், நீர்க்கடுப்பும், மீண்டும் மீண்டும் வரும் சிறுநீர்த் தொற்றும் இதோடு சேர்ந்தே வருகின்றன. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து 2014-இல் மருத்துவ உலகம் ஜிஎஸ்எம் (GSM) என்று ஒரே பெயர் வைத்தது. மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருக்கிறது. உடம்பில் திடீரென்று ஏறும் அந்தச் சூடும் வியர்வையும் சில வருடத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். இது அப்படித் தானாகத் தணிவதில்லை, கவனிக்காவிட்டால் வருடத்துக்கு வருடம் கூடும்.

வலி எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள்

"வலிக்குது" என்ற ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று வலிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

வாசலிலேயே மிளகாய் பட்டது போல எரிந்தால் அது தோல். நுழையும்போது சுவரில் முட்டுவது போல வழியே இல்லாமல் நின்றால் அது தசை. உள்ளே ஆழத்தில், அடிவயிற்றில் இடிப்பது போல வலித்தால் கர்ப்பப்பை, சினைப்பை, குடல், பழைய ஆபரேஷன் ஒட்டல் என்று வேறு காரணம் தேட வேண்டும். அதற்கு ஜெல்லும் கிரீமும் உதவாது.

தனியாக இருக்கும்போது கையைக் கழுவி, நகம் வெட்டிய விரலில் சுத்தமான தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுத் தொட்டு, கண்ணாடி வைத்துப் பார்த்தபடி வாசலைச் சுற்றி மெல்லத் தொட்டுப் பாருங்கள். வாசலைக் கடிகார முகப்பாக வைத்துக்கொண்டால், மேலே 12 மணி இடத்தில் சிறுநீர்த்துவாரம், கீழே 6 மணி இடத்தில் ஆசனவாய்ப் பக்கம். மெலிந்த தோலின் எரிச்சல் பெரும்பாலும் 4 மணிக்கும் 8 மணிக்கும் இடைப்பட்ட கீழ்ப்பகுதியில்தான் இருக்கும். தொட்ட மாத்திரத்தில் அங்கே சுரீரென்றால் பெரும்பாலும் தோல் சிக்கல்தான். தொட்டால் எரியாமல், விரலை ஒரு கணு உள்ளே விடும்போது மட்டும் இறுக்கிப் பிடித்தால் தசை. பலருக்கு இரண்டுமே இருக்கும்.

பார்க்கும்போதே தோலின் நிறத்தையும் கவனியுங்கள். வெள்ளையாக, சுருங்கிய காகிதம் போல, இரவில் தூங்கவிடாத அரிப்போடு இருந்தால் அது வெறும் வறட்சி அல்ல, லைக்கன் ஸ்க்ளிரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். அதற்குக் குளோபீட்டசால் என்ற வலிமையான ஸ்டீராய்டு களிம்பு, மருத்துவர் சொல்லும் முறைப்படி, மாதக்கணக்கில் போட வேண்டும். விட்டுவிட்டால் உதடுகள் ஒட்டி வாசலே சுருங்கிவிடும். சிறு விகிதத்தினருக்கு அது புற்றுநோயாகவும் மாறுவதால் வருடத்துக்கு ஒருமுறையாவது காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் தள்ளிப்போடக் கூடாது. மாதவிடாய் நின்றபின் எந்த ரத்தப்போக்கும், ஒரு சொட்டுக் கறையாக இருந்தாலும், மருத்துவரிடம் காட்ட வேண்டியது. உறவுக்குப் பின் வரும் ரத்தம் தோல் கிழிந்ததால் இருக்கலாம்தான். ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றும் உட்சுவர்ப் புற்றும் முதலில் காட்டும் அறிகுறியும் அதுவே. ஸ்கேனில் கர்ப்பப்பை உட்சுவர் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் அடுத்த பரிசோதனை கேட்பார்கள், பயந்து போகாமல் செய்துகொள்ளுங்கள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

தோல் ஆறும்வரை உள்ளே எதுவும் வேண்டாம்

எங்கள் அனுபவத்தில் பெண்கள் ஒத்துக்கொள்ளத் தயங்குவது இதைத்தான். சிகிச்சை தொடங்கிய வாரமே "இப்ப சரியாயிடுச்சா" என்று பார்த்துவிடத் தோன்றும். வேண்டாம். தோல் தடிக்க 8 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை ஊடுருவும் உறவை நிறுத்தி வையுங்கள். நெருக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. முத்தம், அணைப்பு, கையால் தருவது எல்லாம் தொடரட்டும்.

அதைக் கணவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் முதுகைக் காட்டிப் படுத்தால் அவர் அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்வார். இரவில், படுக்கையில், அவர் கை வைத்த நேரத்தில் சொல்லாதீர்கள். பகலில், இருவரும் காப்பி குடிக்கும்போது, நேராக: "என்னங்க, எனக்கு உங்க மேல பிரியம் குறையல. மாசம் நின்னதுக்கப்புறம் அந்த இடம் புண்ணு மாதிரி எரியுது. டாக்டர் மூணு மாசம் மருந்து போடச் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் உள்ள வேண்டாம், மத்தபடி பக்கத்துலயே இருங்க." பல கணவர்களுக்கு இப்படி ஒரு விஷயம் இருப்பதே தெரியாது. மனைவிக்கு ஆசை விட்டுப்போயிற்று என்றே நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

அடுத்து, தோலைக் கெடுப்பவற்றை எடுத்து வெளியே வையுங்கள். சோப்பு, பெண்களுக்கென்றே விற்கும் திரவ வாஷ், டெட்டால் கலந்த தண்ணீர், சுடுதண்ணீர், டால்கம் பவுடர், மணம் ஏற்றிய பேடு, சிறுநீர் கசிவுக்காக நாள் முழுக்க வைக்கும் லைனர், இவை அத்தனையும் மெலிந்த தோலைக் காயவைத்து எரிக்கும். மஞ்சள் தண்ணீரும் வேப்பிலைத் தண்ணீரும்கூட உள்ளே ஊற்றிக் கழுவ வேண்டாம். படிகாரம் குறிப்பாக ஆபத்து. "இறுக்கம் தரும்" என்று சொல்லி விற்கிறார்கள். அது தோலின் ஈரத்தை உறிஞ்சிச் சுருக்குவது, நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, கசிவு இருப்பவர்கள் வெளி உதடுகளில் மெல்லிதாக பெட்ரோலியம் ஜெல்லி (வாஸ்லைன்) தடவிக்கொள்ளலாம். பெட்ரோலியம் ஜெல்லியை உள்ளே மட்டும் போட வேண்டாம். அது வெளியேறாமல் தங்கிக் கெட்ட பாக்டீரியாவுக்கு இடம் கொடுக்கும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் "அரிப்பு கிரீம்" பற்றியும் சொல்லியாக வேண்டும். எரிச்சல் என்றாலே பூஞ்சை என்று நினைத்து குளோட்ரிமசால் கொடுப்பார்கள், அல்லது பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த கலவைக் களிம்பைக் கொடுப்பார்கள். கலவைக் களிம்பு இரண்டு நாள் இதமாக இருக்கும். அதிலுள்ள ஸ்டீராய்டு ஏற்கெனவே மெலிந்த தோலை இன்னும் மெலியவைக்கும். மாதவிடாய் நின்று, ஹார்மோன் எதுவும் எடுக்காத பெண்ணுக்குப் பூஞ்சை அரிதாகவே வரும். சர்க்கரை நோயாளிகள் மட்டும் விதிவிலக்கு. அதிலும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை வெளியேறுவதால் பூஞ்சை அடிக்கடி வரும். உங்கள் மருந்துச் சீட்டில் அந்தப் பெயர் இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சளிக்குப் போடும் செட்ரிசின், நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் போன்றவையும் உடம்பெங்கும் வறட்சியைக் கூட்டுபவை.

ஈரம் காப்பது வேறு, வழுக்கல் தருவது வேறு

இரண்டையும் ஒன்றென நினைத்து, உறவு நேரத்தில் மட்டும் ஜெல் தடவிவிட்டு "எனக்கு ஜெல் வேலை செய்யல" என்று விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர்.

ஈரம் காக்கும் ஜெல் தினசரிப் பராமரிப்புக்கு. உறவு உண்டோ இல்லையோ, வாரத்தில் 2 அல்லது 3 இரவு, படுக்கும் முன் போட வேண்டும். பாலிகார்போஃபில் உள்ளவை தோலில் ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாள் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஹைலூரானிக் அமிலம் உள்ள ஜெல்லும் உள்ளே வைக்கும் மாத்திரையும் நன்றாக வேலை செய்கின்றன. ஒன்றை மறக்காதீர்கள்: குழாயால் உள்ளே செலுத்துவதோடு நிறுத்திவிட்டால் வாசல் காய்ந்தே கிடக்கும். வலிப்பது வாசல்தான். விரலில் எடுத்து 4 முதல் 8 மணி வரையான பகுதியில் தனியாகத் தடவுங்கள்.

வழுக்கல் ஜெல் உறவு நேரத்துக்கு. ஒரு சொட்டு இரண்டு சொட்டு போதாது, ஒன்று முதல் இரண்டு தேக்கரண்டி வேண்டும். வாசலில், விரலால் ஒரு கணு உள்ளே, கணவர் உறுப்பில் என்று மூன்று இடத்திலும் தடவி, காய்ந்தால் மறுபடி தடவ வேண்டும். நீர் சார்ந்த ஜெல் சில நிமிடத்தில் பிசுபிசுக்கத் தொடங்கும். அப்போது இன்னும் ஜெல் போடுவதைவிட, விரலில் நாலு சொட்டுத் தண்ணீர் தொட்டுத் தடவினால் மறுபடி வழுக்கும். தலைமாட்டில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். சிலிகான் ஜெல் காய்வதே இல்லை, கடுமையான வறட்சிக்கு அதுதான் மேல். ஆனால் விரிப்பில் கறை படியும், தரையில் சிந்தினால் வழுக்கி விழவைக்கும், சிலிகானால் செய்த விரிவாக்கிகளை (யோனியைப் படிப்படியாக விரித்துப் பழக்க உள்ளே வைக்கும் கருவிகளை) கெடுக்கும்.

வாங்கும்போது அட்டையில் பொருட்களின் பட்டியலைப் படியுங்கள். கிளிசரினும் புரோப்பிலின் கிளைக்காலும் முதல் இரண்டு மூன்று இடத்தில் இருந்தால் அந்த ஜெல் அடர்த்தி மிகுந்தது. அடர்த்தியான திரவம் தோல் செல்களிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். தடவிய நேரம் வழுக்கி, மறுநாள் இன்னும் காய்ந்துபோவதற்கு இதுவே காரணம். உலக சுகாதார நிறுவனம் 2012-இல் தந்த வழிகாட்டலில் இந்த அடர்த்தி (osmolality, mOsm/kg கணக்கில்) 380-க்குள் இருப்பது நல்லது, 1200-ஐத் தாண்டக் கூடாது, பிஎச் 4.5 அருகில் இருக்க வேண்டும் என்று சொன்னது. நல்ல நிறுவனங்கள் இந்த எண்களை அச்சிடுகின்றன. "சூடு தரும்", "சிலிர்ப்பு தரும்", ஸ்ட்ராபெரி மணம் என்று எழுதியவை எதுவும் நமக்கானவை அல்ல. குளோர்ஹெக்சிடின் சேர்த்தவை நல்ல பாக்டீரியாவையும் கொல்லக்கூடியவை. புதிதாக எதை வாங்கினாலும் முதலில் வெளி உதட்டில் துளி தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் உள்ளே.

தேங்காய் எண்ணெய் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். கலப்பில்லாத செக்கு எண்ணெய், சமையலறைப் புட்டியிலிருந்து அல்லாமல் தனியாக ஒரு சிறு புட்டியில் எடுத்து வைத்தது, அரைத் தேக்கரண்டி என்றால் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. ஆணுறை போடும் தம்பதிகள் மட்டும் தொடவே கூடாது. எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் ஆணுறை கிழிந்துவிடும். (50 வயதுக்கு மேல் மாதவிடாய் நின்றவர்கள் ஒரு வருடமும், 50-க்குள் நின்றவர்கள் இரண்டு வருடமும் கருத்தடையைத் தொடர வேண்டும்.) விளக்கெண்ணெய் பிசுபிசுக்கும், சரிவராது. சோற்றுக்கற்றாழையை மடலிலிருந்து வழித்துப் போடுவதும் வேண்டாம். அதன் மஞ்சள் பால் மெலிந்த தோலைப் பொத்துவிடும். எச்சில் சில வினாடியில் காய்ந்துவிடும், வாயிலுள்ள கிருமியையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

ஈஸ்ட்ரோஜன் கிரீம்

ஜெல்லால் தோல் ஈரமாகும், தடிக்காது. இழந்த ஈஸ்ட்ரோஜனை அந்த இடத்தில் மட்டும் சிறிய அளவில் திருப்பித் தந்தால்தான் தோல் தடிக்கும். இந்தியாவில் எளிதில் கிடைப்பது ஒரு கிராமில் 1 மில்லிகிராம் உள்ள எஸ்ட்ரியால் கிரீம், மருத்துவர் சீட்டோடு. வழக்கமான அளவு தினம் இரவு அரை கிராம், 2 முதல் 3 வாரம். அதன்பின் வாரத்துக்கு 2 இரவு, தொடர்ந்து.

அரை கிராம் என்பது ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை குழாயிலிருந்து பிதுக்கிய நீளம். கூடவே தரும் குழாயைக் காய்ந்த வாசலுக்குள் செலுத்துவது சிலருக்கு வலிக்கும், அவர்கள் விரலாலேயே போடலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, பெரும்பங்கை விரலால் உள்ளே வைத்து, பட்டாணி அளவு மிச்சத்தை வாசலின் கீழ்ப்பகுதியிலும் சிறுநீர்த்துவாரத்தைச் சுற்றியும் பூசிவிட்டு அப்படியே தூங்கிவிடுங்கள். போட்டுவிட்டு எழுந்து வேலை பார்த்தால் பாதி உள்ளாடைக்குத்தான் போகும். உறவுக்கு முன் வழுக்கலுக்காக இதைப் போடவே கூடாது, கணவர் தோல் அதை உறிஞ்சிக்கொள்ளும். உறவு உள்ள இரவு விட்டுவிட்டு மறுநாள் போடுங்கள்.

முதல் சில நாட்களில் கிரீமே எரியும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அங்கேயே விட்டுவிடுகிறார்கள். புண்பட்ட தோலில் எது பட்டாலும் எரியும். தோல் தடிக்கத் தடிக்க இரண்டாம் வாரத்திலிருந்து அது குறையும். குறையாமல் கூடினால் கிரீமின் அடிப்பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம், உள்ளே வைக்கும் எஸ்ட்ராடயால் மாத்திரைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

பெட்டிக்குள் இருக்கும் துண்டுச்சீட்டைப் படித்துவிட்டு, மாரடைப்பு, பக்கவாதம், மார்பகப் புற்று என்ற சொற்களைக் கண்டு குழாயைத் திறக்காமலே அலமாரியில் வைத்துவிடுபவர்கள் பலர். அந்தப் பயம் 2002-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்விலிருந்து வந்தது. அதில் கொடுத்தது வாய்வழி மாத்திரை: தினமும் 0.625 மில்லிகிராம் ஈஸ்ட்ரோஜனும் அதோடு இன்னொரு ஹார்மோனும். யோனிக்குள் வைக்கும் எஸ்ட்ராடயால் மாத்திரையில் இருப்பது 10 மைக்ரோகிராம். முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு என்று போட்டால் ஒரு முழு வருடத்துக்கு 114 மாத்திரை, மொத்தம் 1.14 மில்லிகிராம். ஒரே ஒரு 1 மில்லிகிராம் வாய்வழி மாத்திரைக்குக் கிட்டத்தட்டச் சமம். இந்தக் குறைந்த அளவுக்குக் கர்ப்பப்பையைக் காக்க வேறு ஹார்மோன் மாத்திரையும் தேவைப்படுவதில்லை. 2025 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அந்தக் கட்டம் கட்டிய எச்சரிக்கையை நீக்கும் நடவடிக்கையை அறிவித்தது. காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தால் மட்டும், அதைப் பரிசோதித்து முடிக்கும்வரை தொடங்கக் கூடாது.

மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் தாங்களாக ஆரம்பிக்க வேண்டாம், புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டுத்தான். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் எடுப்பவர்களுக்கு வறட்சி மிகக் கடுமையாக இருக்கும், ஈஸ்ட்ரோஜனைத் தவிர்க்கவே பெரும்பாலும் சொல்வார்கள். அவர்கள் ஈரம் காக்கும் ஜெல்லை வாரம் 3 முதல் 5 இரவு வரை கூட்டிக்கொள்ளலாம். வாசல் எரிச்சலுக்கு இன்னொரு வழியும் உண்டு. 4 சதவீத லிக்னோகெய்ன் நீர்க்கரைசலில் பஞ்சை நனைத்து, உறவுக்கு முன் 3 நிமிடம் வாசலில் ஒற்றி வைத்து எடுப்பது. வைத்ததும் சில வினாடி எரிந்து, பிறகு மரத்துப்போகும். மார்பகப் புற்றிலிருந்து மீண்ட பெண்களிடமே இதைச் சோதித்துப் பலன் கண்டிருக்கிறார்கள். மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள், வெடிப்போ புண்ணோ இருக்கும் நாளில் தொடாதீர்கள்.

லேசர் பற்றி ஒரு வார்த்தை. "மூன்று சிட்டிங்கில் இளமை" என்று பெரிய தொகை வாங்குகிறார்கள். இதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இலேயே எச்சரித்தது. 2021-இல் சிட்னியில் நடந்த ஆய்வில் உண்மையான லேசரும் பொய்யாகச் செய்த லேசரும் ஒரே பலனைத்தான் தந்தன. அந்தப் பணத்துக்குப் பல வருடத்துக்கான கிரீமே வாங்கிவிடலாம்.

இறுகிய தசைக்கு

தோல் ஆறிய பிறகும் "போகவே மாட்டேங்குது" என்றால் தசை இன்னும் நம்பவில்லை. இந்த நிலையில் யாரோ சொன்னார்கள் என்று கீகல் பயிற்சி செய்யாதீர்கள். அது இறுக்கும் பயிற்சி. நமக்கு வேண்டியது விடும் பயிற்சி.

இரு முழங்காலுக்கும் அடியில் தலையணை வைத்து மல்லாந்து படுங்கள். மூக்கால் நாலு எண்ணும் வரை மூச்சை இழுங்கள், வயிறு மேலே எழ வேண்டும். அப்போது ஆசனவாயும் யோனியும் கீழ்நோக்கித் தளர்வதை உணர்வீர்கள். மெல்ல விடுங்கள். ஐந்து நிமிடம் இதை மட்டும். ஒரு வாரம் பழகியபின் ஜெல் தடவிய விரலை வாசலில் வைத்து, வாயு பிரிக்க லேசாக முக்குவது போல முக்கியபடி ஒரு கணு உள்ளே விடுங்கள். முக்கும்போது தசை திறக்கும். 6 மணி இடத்தில் ஆசனவாய்ப் பக்கமாக மெல்ல அழுத்தி அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை வையுங்கள், பிறகு 5 மணியிலும் 7 மணியிலும். மேலே 12 மணிப் பக்கம் அழுத்த வேண்டாம், அங்கே சிறுநீர்த்துவாரம். பத்துக்கு மூன்றுக்கு மேல் வலி ஏறினால் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் திரும்புங்கள். வாரத்தில் 3, 4 நாள், பத்து நிமிடம் போதும்.

விரல் எளிதானபின் விரிவாக்கிகள். விரல் கனத்தில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாகும் தொகுப்புகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. ஓர் அளவு ஒரு வாரம் வலியில்லாமல் போனால்தான் அடுத்தது. அவசரப்பட்டு இரண்டு அளவு தாண்டினால் தசை மறுபடி பழைய இடத்துக்கே திரும்பிவிடும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு இது விருப்பம் சார்ந்த விஷயமே அல்ல. போடாவிட்டால் யோனிச் சுவர்கள் ஒட்டிக் குறுகிவிடும், பிறகு மருத்துவர் பரிசோதிக்கவே வழியிருக்காது. எப்போது தொடங்குவது என்று கதிர்வீச்சுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். இடுப்புத்தளப் பயிற்சி பெற்ற பெண் பிசியோதெரபிஸ்டுகள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள், மகப்பேறு மருத்துவரிடம் கேட்டால் வழிகாட்டுவார்.

மறுபடி தொடங்கும்போது

விரல் இரண்டோ, அதே கனமுள்ள விரிவாக்கியோ வலியின்றிப் போகும்போது உறவைத் தொடங்கலாம். நேரம் முக்கியம். மூத்த மகன் பக்கத்து அறையில், பேத்தி நம் படுக்கையில், கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை என்ற நிலையில் எந்தத் தசையும் தளராது. எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பகல் நேரம் பலருக்கும் ஒத்துவருகிறது. களைத்துப்போன இரவைவிட அது எவ்வளவோ மேல். முன்பு ஐந்து நிமிடத்தில் சுரந்த உடம்புக்கு இப்போது இருபது நிமிடத் தொடுகையாவது வேண்டும். அதைக் கணவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் முறை, சிறுநீர் கழித்துவிட்டு, ஜெல் தாராளமாகத் தடவி, பெண் மேலே இருக்கும் நிலையிலோ இருவரும் பக்கவாட்டில் படுத்தபடியோ தொடங்குங்கள். ஆழமும் வேகமும் நம் கையில் இருக்க வேண்டும். நுனி மட்டும் உள்ளே போனதும் அசையாமல் ஒரு நிமிடம், மூச்சு. வலி இல்லையென்றால் மேலும் கொஞ்சம். வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்தி வேறு விதமாக முடித்துக்கொள்ளலாம். "நிறுத்துங்க" என்றால் அந்த நொடியே நிற்கும் என்ற உறுதி இருந்தால்தான் தசை தளரும். முடிந்ததும் சிறுநீர் கழித்து வெறும் தண்ணீரால் கழுவுங்கள். எரிந்தால் குளிர்ந்த ஈரத்துணியை இரண்டு நிமிடம் வையுங்கள்.

கணவர் பக்கமும் ஒன்று உண்டு. சர்க்கரையாலோ வயதாலோ விறைப்புக் குறைந்து, அவர் கடையில் கேட்டு சில்டெனாஃபில் வாங்கிப் போட்டால், உறவு நேரம் நீண்டு நம் தோல் கூடுதலாக உரசுகிறது. அவர் மருத்துவரைப் பார்க்கட்டும், நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைத் தொடவே கூடாது. எப்போதும் அவருடைய நேரத்தையும் நம் தோலையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது "வெள்ளைப்படுது, அரிக்குது" என்று சுற்றி வளைத்தால் பூஞ்சை மாத்திரையோடு திரும்பி வருவீர்கள். "மாசம் நின்னு மூணு வருஷம் ஆச்சு. உறவு கொள்ளும்போது வாசல்லயே எரியுது, போன மாசம் ரெண்டு தடவை ரத்தக் கறை பட்டுது. உள்ள போடுற ஈஸ்ட்ரோஜன் எனக்கு ஒத்துவருமா டாக்டர்?" என்று காலக்கணக்கோடு கேளுங்கள். பரிசோதிக்கும்போது சின்ன அளவு கருவியை ஜெல் தடவிப் பயன்படுத்தச் சொல்லலாம், வலித்தால் நிறுத்தவும் சொல்லலாம். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை எடுத்துப் போங்கள். "இந்த வயசுல எதுக்கும்மா" என்று பதில் வந்தால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டும் பாதி வலிகூடக் குறையவில்லையென்றால் திரும்பப் போய், தசையையும் லைக்கன் ஸ்க்ளிரோசஸையும் கர்ப்பப்பை இறக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்தவர்கள், குறைந்ததே என்று கிரீமை நிறுத்திவிட வேண்டாம். நிறுத்தினால் சில வாரத்திலோ சில மாதத்திலோ வறட்சி திரும்ப வந்துவிடும், மறுபடி தினசரி அளவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். வாரத்தில் எந்த இரண்டு இரவு என்று முடிவுசெய்து, காலண்டரில் குறித்து, குழாய் தீர இரண்டு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கி வைத்துவிடுங்கள். சீட்டை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப் போகும்போது, கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனைகளையும் அதே நாளில் முடித்துக்கொண்டு வாருங்கள்.